ஒரு நாளைக்கு ஒரு மாற்றம்

நாள்காட்டியில் நேற்றைய தாளைக் கிழித்ததும் திலகவதி அதைத் திருப்பிவிடுகிறார். முன்பக்கத்து நல்ல நேரமும் ராசிபலனும் அவருக்கு வேண்டாம். பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே, அதுதான் வேண்டும். காதோரம் செருகிய பென்சிலை எடுத்து, நேற்று கணினியில் எதை மாற்றினார், எதற்காக மாற்றினார், மாற்றியதால் என்ன ஆயிற்று என்று மூன்று வரி எழுதுகிறார். அந்த மாற்றம், கணினியை அணைத்துப் போட்டாலும் நிலைத்திருக்கும்படி எழுதிவைக்கப்பட்டுவிட்டது என்றால் தாளின் மூலையை மடிக்கிறார். பிறகு ஜன்னல் கம்பியில் தொங்கும் துணி கிளிப்பில் மாட்டிவிட்டுத்தான் காபி.

“ஒரு நாளிக்கி ஒரு மாத்தம்தாங்க சார். ரெண்டு பண்ணிட்டம்னு வெச்சிக்கங்க, எது வேலை செஞ்சிச்சின்னு சாமிக்கே தெரியாது” என்கிறார்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் பழைய பிளாக் ஒன்றின் குவார்ட்டர்ஸ் அது. முன் வராந்தாவை அடைத்து அறையாக்கியிருக்கிறார்கள். இரண்டு கணினிகள், ஒரு மேஜை, வாசலில் ஒரு பலாமரம். மேஜை விசிறி கணினியைப் பார்த்துச் சுற்றுகிறது, திலகவதியைப் பார்த்து அல்ல. அவரைப் பற்றி எழுதுவதற்காகப் போன நான் மே மாதத்து வெயிலில் வியர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோதும் அந்த விசிறியின் கழுத்தை என் பக்கம் திருப்ப அவருக்குத் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் திருப்பியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

வயது முப்பத்தொன்பது. பிறந்தது கம்மாபுரம் பக்கம் ஒரு ஊரில். சுரங்கத்துக்கு நிலம் போன குடும்பம். அண்ணன் பழனிவேல் இன்றும் அங்கே கான்ட்ராக்ட் ஆள்தான். திலகவதி படித்துவிட்டுச் சென்னையில் ஏழு வருடம் இயந்திரங்களுக்கு நிரல் எழுதும் வேலை பார்த்தார். கல்யாணமாகி இங்கே வந்தபின் அதே வேலையைத் தனியாக எடுத்துச் செய்கிறார். கணவர் ஜெயப்பிரகாஷ் சுரங்கத்தில் பர்மனன்ட். “உங்க மிஸஸ் வேலைக்குப் போகலியா?” என்று யாராவது கேட்டால், “போறாங்களே, வராந்தாவுக்கு” என்பார்.

திலகவதியின் கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவை சும்மா இருக்காது. பேசும்போது மேஜைமேல் தட்டெழுதிக்கொண்டே இருக்கும். அவருடைய விசைப்பலகையை வேறு யாராவது தொட்டால் போச்சு, பேச்சை நிறுத்தாமலே அந்தக் கையை ஒதுக்கிவிட்டுத் தன் கையை வைத்துவிடுவார். “இருங்க, நான் பண்றேன்” என்பது அவர் வாயில் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது வரும். ஏதோ ஆர்வத்தில் நானும் ஒரு பொத்தானைத் தொடப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். “விடுங்க சார், எங்கிட்ட டிவி ரிமோட்டே தர மாட்டா” என்று ஜெயப்பிரகாஷ் என்னைத் தேற்றினார்.

இந்த வருடம் இவர் கையில் இருந்த வேலை, திருவதிகைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பதினான்கு பெண்கள் சேர்ந்து நடத்தும் முந்திரிப் பருப்புக் கொட்டகைக்கு. அதை நடத்துபவர் மாரியம்மாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சொந்தமாக ஒரு காணி இல்லாத குடும்பத்தில் பிறந்து, பத்து வயதிலிருந்து முந்திரிக்கொட்டை உடைத்தவர். கொட்டையின் தோலெண்ணெய் பட்டுக் கருத்த விரல்கள் இன்னும் தெளியவில்லை. அங்கே ஒரு பழைய தரம்பிரிக்கும் இயந்திரம் கிடந்தது. வார்ப்பட்டையில் பருப்பு ஓடும். மேலே ஒரு கேமரா பார்க்கும். புள்ளி விழுந்தது, கருகியது, உடைந்தது எதுவானாலும், அது பட்டையின் முனைக்கு வரும் நொடியில் ஒரு குழாய் ‘டப்’பென்று காற்றை ஊதி அதை வேறு தட்டுக்குத் தள்ளிவிடும். இயந்திரம் நன்றாகத்தான் இருந்தது. அதன் கணினிதான் செத்துப்போயிருந்தது. அதற்குப் புது உயிர் கொடுக்கும் வேலையைத் திலகவதி எடுத்துக்கொண்டார்.

காற்று சரியான நேரத்தில் ஊத வேண்டும் என்பதுதான் இதில் எல்லாம். ஒரு நொடியை ஆயிரமாகப் பங்கிட்டு, அதில் ஐந்து பங்கு தாமதமானால் போதும், சொத்தை தப்பித்துவிடும். அதற்கு அடுத்து வரும் நல்ல பருப்பு அடிவாங்கும். ஆனால் கணினிக்கு அது ஒரு வேலை மட்டும் இல்லை. லேபிள் அச்சடிக்க வேண்டும், படங்களைச் சேமிக்க வேண்டும், எடையைப் பதிய வேண்டும். எந்த வேலைக்கு முதல் முறை என்று உள்ளே உட்கார்ந்து தீர்மானிக்கும் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர்.

இந்த இடத்தில் எனக்குத் தலை சுற்றியதைப் பார்த்து ஜெயப்பிரகாஷ் உதவிக்கு வந்தார். மனைவியிடம் கேட்டுக் கேட்டு அவருக்கு மனப்பாடமாகியிருந்தது.

“கெர்னல்னா ஷிப்ட் இன்சார்ஜ் சார். டியூனிங்னா, அவர்கிட்ட போயி நைச்சியமா பேசி, நம்ம ஆளுக்கு மட்டும் எப்பவும் முதல் வண்டி, நல்ல எடம்னு வாங்கிக்கினு வரது. விர்ச்சுவல் மெஷின்னா அந்த வம்பே வாணாம், நம்ம ஆளுக்குத் தனி குவார்ட்டர்ஸே அலாட் பண்ணிடறது. ஒரே கம்ப்யூட்டருக்குள்ளாரயே இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி.”

“எது நல்லது?”

“அதைக் கேட்டுடாதீங்க. நாலு மாசமா இந்த வூட்ல அதான் சண்டை.”

சண்டை அவருக்கும் மனைவிக்கும் இல்லை. திலகவதியின் சென்னைக்காலத்து நண்பர் ஹரி தினமும் சாயங்காலம் தொலைபேசியில் வருவார். விர்ச்சுவல் மெஷின் கட்சி. எல்லாவற்றையும் ஒரு பொய்க் கணினிக்குள் வைத்துப் பூட்டு, நன்றாக ஓடும்போது ஒரு நகல் எடுத்துக்கொள், கெட்டுப்போனால் நகலைப் போடு என்பார். திலகவதி ஏற்கமாட்டார். தனி வீடு கொடுத்தால் வாசல் ஒன்று கூடும், ஒவ்வொரு சேதியும் அந்த வாசலைத் தாண்டி வருவதற்குள் பருப்பு போய்விடும் என்பது அவர் வாதம். “ஹரி, பட்டையை மெதுவா ஓட்டுன்னு மட்டும் சொல்லாத, எனக்குக் கெட்ட கோவம் வரும்” என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிடுவார்.

எனவே டியூனிங். பழைய தையல் இயந்திர மோட்டாரையும் ஒரு துண்டு பெல்ட்டையும் வைத்து ஜெயப்பிரகாஷ் வராந்தாவிலேயே ஒரு குட்டிப் பட்டை செய்துகொடுத்தார். இரண்டு கிலோ பருப்பு அதில் நான்கு மாதம் ஓடியது. பக்கத்து வீட்டு அகிலா ஒரு நாள் ஆசையாகக் கை வைத்தபோது, “அது டெஸ்ட் பருப்புக்கா, பல்லு போயிடும்” என்று திலகவதி தடுத்தார். கெர்னலில் ஒவ்வொன்றாகத் திருகி, தாள் தாளாக எழுதி, தாமதத்தை ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்துவிட்டார். கொட்டகைக்குக் கொடுப்பதற்கு முன் அந்தக் கணினி அறுபத்து மூன்று நாள் ஒரு தடவைகூட அணையாமல் ஓடியது. பிள்ளை வாங்கிய மதிப்பெண்ணைச் சொல்வதுபோல அதைச் சொன்னார். ஒரு நாளைக்கு நாற்பது டின் பிரிக்கலாம் என்று கணக்கும் சொன்னார்.

நல்ல வேலைதான். அதில் ஒரு ஓட்டை இருந்தது. அதை நெய்வேலிக்காரர்கள் மட்டும்தான் விட்டுவைக்க முடியும். மின்சாரம் தயாராகும் ஊராதலால் டவுன்ஷிப்பில் கரண்ட் அநேகமாகப் போகாது. திலகவதியின் வீட்டில் மெழுகுவத்தி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இன்வர்ட்டர் என்ற பொருளே அந்த வீட்டில் கிடையாது. அறுபத்து மூன்று நாள் கணினி அணையவில்லை என்று பெருமைப்பட்டவருக்கு, அதை அணைத்துப் பார்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை கணினியைக் கொட்டகையில் மாட்டினார்கள். அன்று முழுக்கத் திலகவதி கூடவே இருந்தார். அருமையாக ஓடியது. மறுநாள் கம்மாபுரத்தில் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. இவர் அங்கே போய்விட்டார். ஒலிபெருக்கிச் சத்தத்தில் கைப்பையிலிருந்த தொலைபேசி அடித்தது காதில் விழவில்லை. பதினோரு மணிக்குக் கொட்டகையில் கரண்ட் போயிற்று, இருபது நிமிடத்தில் வந்தது. கணினி தானாக எழுந்துகொண்டது. எல்லாம் பழையபடி ஓடுவதுபோலத்தான் இருந்தது. காற்று மட்டும் ஒரு பருப்பு தள்ளி ஊதியது. மூன்று மணி நேரம் சொத்தை எல்லாம் டின்னுக்கும், அதற்கடுத்த நல்ல பருப்பெல்லாம் கழிவுக்கும் போயின. இயந்திரத்தை நம்பிப் பெண்கள் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அந்த டின்களில் இரண்டு மாதிரிக்காக வாங்குபவருக்கும் போய்விட்டன.

அன்றிரவே திலகவதி கிளிப்பிலிருந்த தாள்களைப் புரட்டினார். ஒரே ஒரு தாளில் மூலை மடியவில்லை. கேமராவின் அழைப்பைக் கணினியின் எந்தப் பகுதி வாங்குவது என்று கையால் மாற்றிய மாற்றம் அது. அணையும்வரை மட்டும்தான் இருக்கும். அணையவே இல்லையாதலால் அறுபத்து மூன்று நாளும் இருந்தது. சனிக்கிழமை கொட்டகையில் மாட்டி எழுப்பியபோதும் பழக்கத்தில் அதைக் கையாலேயே மறுபடி போட்டிருந்தார்.

வாங்கும் வியாபாரியின் ஆள் ராமலிங்கம் நல்ல மனிதர். மாதிரியை அன்று சாயங்காலமே திருப்பி அனுப்பிவிட்டு, மூன்று வாரம் கழித்து நானே வந்து ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கிறேன், சரியாக இருந்தால் வருடம் முழுக்க எடுத்துக்கொள்கிறோம், இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார். வேறு இடம் பார்த்துவிட்டால் அந்தப் பதினான்கு பேரும் பழையபடி ஆளுக்கொரு வீட்டில் உட்கார்ந்து, தோலெண்ணெயில் கையைக் கருக்கிக்கொண்டு கொட்டை உடைக்க வேண்டியதுதான்.

திங்கட்கிழமை காலை திலகவதி கொட்டகைக்குப் போனபோது நானும் போயிருந்தேன். விட்டுப்போன மாற்றத்தை ஐந்தே நிமிடத்தில் எழுதிச் சேர்த்தார். மூன்று தடவை மெயினைப் போட்டு அணைத்துக் காட்டினார். மூன்று தடவையும் காற்று சரியாக ஊதியது.

“அவ்ளோதாங்கக்கா. இனிமே ஒண்ணும் ஆவாது. வேணும்னா ஒரு யூபிஎஸ் வாங்கி வெச்சிடலாம்” என்றார்.

மாரியம்மாள் மேஜைக்கடியில் காட்டினார். ஒரு யூபிஎஸ் அங்கே ஏற்கெனவே இருந்தது. அதன்மேல் தண்ணிக்குடம் உட்கார்ந்திருந்தது. “போன வருசம் வாங்கினது. ஆறே மாசம். அதுக்கப்புறம் இதுக்குத்தான் ஒதவுது.”

பிறகு அந்த அம்மாள், தரையில் உட்கார்ந்து சொத்தையும் நல்லதுமாகக் கலந்துபோன பருப்பைக் கையால் பொறுக்கிக்கொண்டே கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

“ஏம்மா திலகா, தெரியாமத்தான் கேக்கறேன். கரண்ட்டு போனா சரியாயிடும்னு இப்ப காட்டிட்ட. இந்தப் பொட்டியே எரிஞ்சிபோச்சின்னா?”

“வேற பொட்டி வாங்கி நான் செட் பண்ணித் தரேங்கக்கா.”

“எத்தினி நாளு ஆவும்?”

திலகவதியின் கை மேஜைமேல் தட்டெழுதிக்கொண்டிருந்தது. “போர்டு மாறினா… எல்லாம் முதல்லேர்ந்து பாக்கணும். ஒரு மாசம். ரெண்டு மாசம்னுகூட வெச்சிக்கங்க.”

“அன்னிக்கி நீ காதுகுத்துக்குப் போயிருந்தா?”

திலகவதியின் கை நின்றுவிட்டது. நான் அவரைப் பார்த்த நாட்களில் அந்தக் கைகள் தாமாக நின்றது அப்போதுதான்.

“அந்தத் தம்பி சொல்றாருன்னியே, ஹரி. அது மாதிரி பண்ணா இன்னா ஆவும்?” என்றார் மாரியம்மாள்.

“காத்து லேட்டாவும். பட்டையை மெதுவா ஓட்டணும். நாப்பது டின் வராது, முப்பத்திரண்டுதான் வரும்.”

“பொட்டி எரிஞ்சா?”

“பென்டிரைவ்ல நகல் இருக்கும். எந்தப் பொட்டியில வேணாலும் போட்டுக்கலாம். ஒரு மணி நேரம்.”

“யாரு போடறது?”

“யாரு வேணா போடலாங்கக்கா.”

“முப்பத்திரண்டு போதும்மா” என்றார் மாரியம்மாள். “நீ வராத அன்னிக்கும் ஓடணும்.”

திரும்பி வரும் பேருந்தில் திலகவதி, வடக்குத்து தாண்டியபிறகு, ஜன்னலைப் பார்த்தபடியே, “நாலு மாசம் சார்” என்றார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. நாற்பதுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவே இருந்த எட்டு டின்தான் அவருடைய நான்கு மாதம்.

ஆனால் மறுநாளே வேலையை ஆரம்பித்துவிட்டார். ஒரு நாளைக்கு ஒரு மாற்றம், அதில் விலக்கில்லை. முதலில் பட்டையின் வேகத்தைக் குறைத்தார். அன்று இரவு சாப்பிடவில்லை என்று ஜெயப்பிரகாஷ் சொன்னார். பிறகு எல்லாவற்றையும் விர்ச்சுவல் மெஷினுக்குள் குடியேற்றினார். பழைய டியூனிங்கில் கொஞ்சம் மட்டும் வெளியே விட்டுவைத்தார். “சோத்துக்கு ஊறுகாய் மாதிரி. முழுசா எடுக்க மனசு வரலை” என்றார். ஹரிக்குத் தானே தொலைபேசி செய்து, “நீ சொன்னதையேதான் பண்ணிக்கினு இருக்கேன், சந்தோசமா?” என்று கேட்டார். அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. இவர் சிரிக்கவில்லை.

கடைசி வாரம் முழுவதும் கொட்டகையில் பாடம் நடந்தது. இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வதற்குக் கலியம்மாள் என்ற பெண்ணை மாரியம்மாள் நிறுத்தியிருந்தார். கரண்ட் வந்ததும் பச்சைப் பொத்தான். கேமரா விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது. கருகிய பருப்பு ஒன்றைத் தனியாகப் பட்டையில் விட்டுப் பார்ப்பது. அது கழிவுத் தட்டில் விழுந்தால் ஓட்டலாம். விழாவிட்டால் கணினி அரைகுறையாக எழுந்திருக்கிறது என்று அர்த்தம், சிவப்புப் பொத்தானை அழுத்தினால் நகலிலிருந்து புதிதாக எழும். அவ்வளவுதான் பாடம். ஆனால் கலியம்மாளின் விரல் பொத்தானுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் திலகவதியின் கை முந்திக்கொண்டது. “இருங்க, நான் பண்றேன்.” நான்காம் நாள் கலியம்மாள் எழுந்து நின்றுவிட்டார். “அப்ப நீங்களே இங்க வந்து குந்திக்கங்க மேடம்” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

சொன்ன நாளில் ராமலிங்கம் காலை ஒன்பது மணிக்கு வந்துவிட்டார். கொண்டுவந்த மடக்கு நாற்காலியைத் தட்டுக்கு நேரே போட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அரைமணிக்கு ஒரு தடவை டின்னிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி வெள்ளைத்தாளில் பரப்பி எண்ணினார். மாரியம்மாள் அவருக்கு இரண்டு தடவை டீ கொடுத்தார். இரண்டும் ஆறிப்போயின. திலகவதி கணினிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார், காதில் பென்சிலோடு.

பதினொன்று பத்துக்குக் கரண்ட் போயிற்று. அந்த ஊரில் அது போகாமல் இருந்திருந்தால்தான் அதிசயம். பட்டை நின்றது, திரை கறுத்தது. பதினான்கு பேரும் திலகவதியைப் பார்த்தார்கள். ராமலிங்கமும் பார்த்தார்.

திலகவதி காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கலியம்மாளின் மேஜைமேல் வைத்தார். விடுவிடுவென்று கொட்டகையை விட்டு வெளியே வந்தார். வாசலில் வேப்பமரத்தடியில் காலிச் சாக்குகளை அடுக்கியிருந்தார்கள். அதன்மேல், கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நான் பின்னாலேயே வந்து கதவோரம் நின்றுகொண்டேன். அங்கிருந்து இரண்டு பக்கமும் தெரிந்தது.

கால்மணி நேரம் போயிற்று. எதிர் வீட்டில் மிக்ஸி அலறியது, கரண்ட் வந்துவிட்டது. உள்ளே காற்றடிக்கும் கம்ப்ரஸர் உறுமத் தொடங்கியது. கலியம்மாள் பச்சைப் பொத்தானை அழுத்தினார். விளக்கைப் பார்த்தார். கருகிய பருப்பு ஒன்றை எடுத்துப் பட்டையில் விட்டார். அது முனையைத் தாண்டி நல்ல தட்டிலேயே விழுந்தது. யாரோ “ஐயோ” என்றார்கள். அந்தச் சத்தம் வெளியேயும் கேட்டது. திலகவதியின் தோள்கள் எழுந்தன. வலது கை தானாகக் கதவுப் பக்கம் நீண்டது.

அவர் எழவில்லை. நீண்ட கையை இழுத்துக்கொண்டார். வலது கையைத் தொடைக்கடியில் வைத்தார், பிறகு இடது கையையும் வைத்து, இரண்டின்மேலும் நன்றாக அழுந்த உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே கலியம்மாள் சிவப்புப் பொத்தானைத் தேடி அழுத்தினார். ஒரு நிமிடத்துக்கு மேல் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு இன்னொரு கருகிய பருப்பு. ‘டப்’. அது கழிவுத் தட்டில் போய் விழுந்தது. பட்டையில் பருப்பு மறுபடி ஓடத் தொடங்கியது. ராமலிங்கம் ஒரு கைப்பிடி அள்ளித் தாளில் பரப்பி, குனிந்து எண்ணி, அப்படியே டின்னில் திருப்பிக் கொட்டிவிட்டு, அதுவரை தொடாத டீயை எடுத்துக் குடித்தார்.

“திலகா, ஓடுதும்மா. உள்ள வா” என்று மாரியம்மாள் கூப்பிட்டார்.

“ஓடட்டுங்கக்கா” என்றார் திலகவதி. கைகளை வெளியே எடுக்கவில்லை.